தொடாக்காஞ்சி

புறத்திணையியல் பாடத்தில் மாணவர்கள் விரைந்து கடந்துவிட விரும்பும் இடம் ஒன்று உண்டு. வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை என்று போர் மும்முரமாக நடக்கும்வரை வகுப்பில் உற்சாகம் குறையாது. காஞ்சித் திணைக்கு வந்ததும் கொட்டாவிகள் தொடங்கிவிடும். நிலையாமையைப் பேசும் திணை. இருபது வயதுக்கு அதில் ஆர்வம் இராதது இயல்பே. ஆனால் அத்திணையில் வரும் இரண்டு துறைகளை நான் அவசரமாகக் கடப்பதில்லை. போரில் புண்பட்டுக் கிடப்பவனைப் பேணச் சுற்றத்தார் எவரும் இல்லாதபோது பேயே அவனைப் பேணுவதாகச் சொல்லும் துறை ஒன்று. புண்பட்ட கணவனைப் பேய் நெருங்கித் தீண்டிவிடாதபடி மனைவி காத்து நிற்பதாகச் சொல்லும் துறை மற்றொன்று. இரண்டாவதற்குத் தொடாக்காஞ்சி என்று பெயர்.

புறநானூற்றில் அரிசில்கிழார் பாடிய 281ஆம் பாட்டை இதற்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். வீட்டில் இரவ இலையையும் வேப்பிலையையும் செருகுகிறார்கள். யாழும் பிற கருவிகளும் ஒலிக்கின்றன. மை இழுகி, வெண்கடுகு தூவி, ஆம்பல் குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சி பாடி, வீடு முழுவதும் நறும்புகை எழுப்புகிறார்கள். இத்தனையும் ஒரு மனிதனின் புண்ணைக் காப்பதற்காக. அவன் யார்? வேந்தனுக்கு வந்த துன்பத்தைத் தன்மேல் தாங்கிக்கொண்டவன். அவனைப் பற்றிப் பாட்டில் வேறு விவரமே கிடையாது. புண் யாருக்காக வந்தது என்பதை ஒரு தொடரில் சொல்லிவிட்டால் போதும் என்று புலவர் கருதியிருக்க வேண்டும்.

அந்த ஒரு தொடரை அரசின் வாயிலிருந்து பெறுவதற்காக ஒரு குடும்பம் எத்தனை ஆண்டுகள் அலைய வேண்டியிருந்தது என்பதை அருகிலிருந்து பார்க்க நேர்ந்தது. அதைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

*

ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்கு முன், இளங்கலைத் தமிழ் இரண்டாமாண்டு படித்துக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி ஒரு பிளாஸ்டிக் பையோடு துறை அறைக்கு வந்தாள். புவனகிரிப் பக்கத்துச் சிற்றூர்க்காரி. வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்து, கேட்டால் மட்டும் பதில் சொல்பவள். "ஐயா, இதுல என்னா எழுதியிருக்குன்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க எங்கம்மா" என்று பையை மேசைமேல் வைத்தாள். உள்ளே படைப்பணி விடுவிப்புச் சான்று, மருத்துவமனைச் சீட்டுகள், மடிப்புகளில் கிழிந்துபோன இரண்டு மூன்று ஆங்கிலக் கடிதங்கள். கடிதங்கள் வந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. அத்தனை காலமும் அவற்றை யாரிடமும் காட்டாமல் அந்த வீட்டில் ஒரு தகரப் பெட்டிக்குள் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

அவளுடைய தந்தை தொண்ணூறுகளின் நடுவில், பத்தொன்பது வயதில் ராணுவத்தில் சேர்ந்தவர். உயரம், எடை, மார்பு விரிவு, கண்பார்வை எல்லாம் அளந்து, தகுதியானவர் என்று எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். காஷ்மீரில் தீவிரவாத எதிர்ப்புப் பணியில் இருந்தபோது உறக்கம் கெட்டது. பணியில் இருப்பவரை மனநல மருத்துவரிடம் அனுப்பும்போது படைப்பிரிவின் தலைவர் ஓர் அறிக்கை எழுதி அனுப்ப வேண்டும். அந்த அறிக்கையின் நகலும் பையில் இருந்தது. இவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார், உணவை மறுக்கிறார், வயர்லெஸ் கருவியை அணைத்த பிறகும் அதற்குள்ளிருந்து யாரோ தன் பெயரைச் சொல்லி அழைப்பதாகச் சொல்கிறார் என்பதே அதன் சாரம். மருத்துவமனையில் வைத்துப் பார்த்தார்கள். மனச்சிதைவு நோய் என்றார்கள். ஒன்பது ஆண்டுகளும் சில மாதங்களும் பணியாற்றிய நிலையில் மருத்துவக் குழு கூடி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. எங்கள் பகுதி முன்னாள் வீரர்கள் இதை 'போர்டு அவுட்' என்பார்கள்.

பையிலிருந்த முக்கியமான கடிதம் ஒரு பக்க அளவே இருந்தது. நோய் ராணுவப் பணியால் விளைந்ததும் அன்று, பணியால் மிகுந்ததும் அன்று. அது அவருடைய உடல்மனக் கட்டமைப்பைச் சார்ந்த கோளாறு. ஆகவே இயலாமை ஓய்வூதியத்துக்கு இடமில்லை. ஆறு மாதங்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று கீழே ஒரு வரி. அந்த ஆறு மாதங்கள், அவள் தொடக்கப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே கழிந்துவிட்டன.

*

எனக்குச் சட்டம் தெரியாது. ஆங்கிலமும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கும் அளவே. கடலூரில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, அங்கே கேட்கலாம் என்று சொல்லி, ஒரு சனிக்கிழமை அவர்களோடு பேருந்தேறினேன். விடுமுறை நாளாக இருந்தும், முன்பே பேசிவைத்திருந்த முன்னாள் ஹவில்தார் ஒருவர் எங்களுக்காக வந்து காத்திருந்தார். காகிதங்களைப் புரட்டியவர் மூன்றாவது தாளிலேயே நிறுத்தி, "நானா போட்டுட்டாங்க" என்றார். எனக்கு விளங்கவில்லை. விளைந்ததும் அன்று, மிகுந்ததும் அன்று என்னும் அந்த ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் வரும் சொல் அது. இந்த வழக்குகளில் புழங்குபவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். தமிழ்க் காதுக்கு அது ஒரு கேள்வியாக ஒலிப்பது அவருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை.

அவர் பொறுமையாக விளக்கினார். 1961ஆம் ஆண்டின் ராணுவ ஓய்வூதிய ஒழுங்குமுறைகளின்படி, பணியால் விளைந்த அல்லது பணியால் மிகுந்த இயலாமை 20 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்து, அதன் காரணமாக ஒருவரை வீட்டுக்கு அனுப்பினால், எத்தனை ஆண்டு பணியாற்றியிருந்தாலும் அவருக்கு இயலாமை ஓய்வூதியம் உண்டு. பணியோடு தொடர்பில்லை என்று எழுதிவிட்டால் பத்து ஆண்டுப் பணி நிறைந்தவருக்கு மட்டுமே வேறுவகை ஓய்வூதியம். நிறையாதவருக்கு ஒருமுறை தரும் பணிக்கொடையோடு சரி. (2019 ஜனவரி 4 முதல் பணியிலிருந்தவர்களுக்கு இந்தப் பத்தாண்டு வரம்பு தளர்த்தப்பட்டது, அதற்கு முன்பே வெளியேறியவர்களுக்கு அது உதவவில்லை.) ஆகவே ஒன்பதரை ஆண்டு பணியாற்றிய ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் மாதந்தோறும் பணம் வருவதும் வராததும் அந்த ஒரு தொடரைப் பொறுத்தது.

"ஆனா ஒண்ணு சார், நிரூபிக்க வேண்டியது நாம இல்ல" என்றார் ஹவில்தார். பேருந்தில் திரும்பி வரும்போது நான் யோசித்துக்கொண்டு வந்தது அந்த வாக்கியத்தைத்தான்.

*

பிறகு சட்டம் தெரிந்த நண்பர்களின் உதவியோடு படித்துத் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1982ஆம் ஆண்டின் உரிமை விதிகள் மூன்று விஷயங்களைச் சொல்கின்றன. பணியில் சேரும்போது குறை எதுவும் பதிவு செய்யப்படாவிட்டால், அவர் உடலாலும் மனத்தாலும் நலமாக இருந்தார் என்றே கொள்ள வேண்டும். பிறகு மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்பட்டால் அந்த நலக்கேடு பணியால் வந்தது என்று கொள்ள வேண்டும். இரண்டாவது, உரிமையை நிரூபிக்கும் பொறுப்பைக் கோருபவர்மேல் சுமத்தக் கூடாது. நியாயமான ஐயம் எழுந்தால் அதன் பலன் அவருக்கே. மூன்றாவது, சேரும்போது இந்த நோயைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்று மருத்துவர்கள் கருதினால் அதற்கான காரணத்தை எழுத வேண்டும்.

2013 ஜூலை 2 அன்று உச்ச நீதிமன்றம் தரம்வீர் சிங் வழக்கில் இந்த விதிகளை வரிசைப்படுத்தித் தெளிவாக்கியது. அவருக்கு இருந்தது வலிப்பு நோய். அதே நாளில் வந்த வீர்பால் சிங் வழக்கின் தீர்ப்பு மனநோயைப் பற்றியது. மருத்துவக் குழு மனநோய் என்று முத்திரை குத்திவிட்டால் அதைக் கேள்வியின்றி ஏற்க வேண்டியதில்லை என்று சொன்ன நீதிபதிகள், உளமருத்துவ நூல்களையும் அகராதிகளையும் தாங்களே எடுத்துப் பார்த்து, மறு ஆய்வு மருத்துவக் குழு அமைக்க ஆணையிட்டார்கள். ஒரு சொல்லின் பொருளைத் தேடி நீதிமன்றம் அகராதியைப் புரட்டியது என்பதை இலக்கிய மாணவனாக நான் மறக்க முடியாது.

ஆனால் எல்லாத் தீர்ப்புகளும் ஒரே திசையில் செல்லவில்லை. 2007லும் 2009லும் மனச்சிதைவு தொடர்பான இரு வழக்குகளில் உச்ச நீதிமன்றம் மருத்துவக் குழுவின் கருத்துக்கே முதன்மை தந்து வீரர் தரப்பை மறுத்திருந்தது. 2019 அக்டோபர் 3 அன்று நர்சிங் யாதவ் வழக்கிலும் அப்படியே. மனநோய் உள்ளே உறங்கிக் கிடக்கக்கூடியது, சேர்க்கும்போது நடக்கும் சாதாரணப் பரிசோதனையில் அது தென்படாமல் போகலாம் என்பது அத்தீர்ப்பின் வாதம்.

அந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. மனச்சிதைவில் மரபுக்கூறுக்குப் பங்கு உண்டு என்பதை மருத்துவ அறிவியல் மறுக்கவில்லை. உலக நல அமைப்பின் கணக்கின்படி உலகில் ஏறத்தாழ 345 பேரில் ஒருவருக்கு அந்நோய் இருக்கிறது; அவர்களில் மிகப் பெரும்பாலோர் துப்பாக்கியைத் தொட்டதில்லை. நோய் பெரும்பாலும் தலைகாட்டுவது பதின்வயதின் இறுதியிலும் இருபதுகளிலும். படைக்கு ஆளெடுப்பதும் அதே வயதில்தான். ஊரிலேயே இருந்து நெல் அறுத்துக்கொண்டிருந்தாலும் இவருக்கு அந்தக் குரல்கள் கேட்டிருக்குமா? உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. அதே வேளையில், ராணுவ மருத்துவர்களுக்கான வழிகாட்டி நூலே மனநோய் என்பது மரபும் சூழலும் பின்னிப் பிணைந்து விளைவது என்று ஒப்புக்கொள்கிறது. கிளர்ச்சி எதிர்ப்புப் பணி, உயர்மலைப் பகுதி, தன்னந்தனியான காவல் நிலைகள் ஆகியவற்றில் இருந்தபோது நோய் வந்தால் பணித் தொடர்பை ஏற்கலாம் என்றும் அது சொல்கிறது.

ஆக, உண்மையில் எழும் கேள்வி நோய் எங்கிருந்து வந்தது என்பதாக இல்லை. எங்கிருந்து வந்தது என்று உறுதியாகத் தெரியாதபோது அந்தத் தெரியாமையின் சுமையை யார் தூக்குவது என்பதே கேள்வி. பத்தொன்பது வயதில் அளந்து பார்த்து நலமானவன் என்று எழுதி அழைத்துச் சென்றது அரசு. திருப்பி அனுப்பும்போது காரணம் சொல்ல வேண்டியதும் அரசுதான். விதி சொல்வது இவ்வளவே. நம் குடும்பத்தில் சுமையைத் தூக்கிக்கொண்டிருந்தவர்கள் வேறு ஆட்கள்.

*

கடிதத்தை முதன்முதலாக அவர்கள் வீட்டில் வாசித்து விளக்கிய அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். ஓட்டு வீடு. திண்ணையில் அந்த மனிதர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து விறைப்பாக நின்று, "லீவு எத்தினி நாள் சார்?" என்று கேட்டார். என்ன சொல்வதென்று அறியாமல் நான் மகளைப் பார்த்தேன். "இன்னும் இருக்குப்பா, உக்காருங்க" என்றாள் அவள், தினமும் சொல்லிப் பழகிய குரலில். அவர் உட்கார்ந்துவிட்டார்.

இரவில் எழுந்து வெளியே போய்விடுவார் என்பதால் அவருடைய மனைவி பல ஆண்டுகளாக வாசற்படியை மறித்துக் குறுக்கே படுத்துத்தான் உறங்குகிறார். தொடக்கத்தில் குணசீலத்துக்கு அழைத்துப் போய் ஒரு மண்டலம் தங்கியிருக்கிறார். ஏர்வாடிக்குப் போகச் சொன்னவர்களும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் பிடித்த தீயில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் உட்பட 28 பேர் மாண்ட செய்தியை அவர் கேள்விப்பட்டிருந்தார், போகவில்லை. பிறகு அரசு மருத்துவமனை, மாத்திரை. மாத்திரை தொடர்ந்தால் ஓரளவு அமைதி, விட்டுப்போனால் மீண்டும் குரல்கள். நூறு நாள் வேலையிலும் நடவிலும் கிடைக்கும் கூலியில் பேருந்துச் செலவு, மகளின் படிப்பு எல்லாம் நடந்துகொண்டிருந்தன. சுற்றமில்லாதவனைப் பேய் பேணும் என்ற துறையை வகுப்பில் நடத்தும்போது இப்போதெல்லாம் எனக்குச் சிதம்பரம் கீழவீதியில் தேரடியருகே பெயர் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் மனிதர்கள் நினைவுக்கு வருகிறார்கள். இவர் அங்கே போய்ச் சேராததற்கு வாசற்படியில் படுத்திருக்கும் அந்தப் பெண் ஒருத்தியே காரணம்.

நான் கடிதத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். 'கட்டமைப்பைச் சார்ந்த கோளாறு' என்ற இடத்தில், உள்ளே பாய்மேல் படுத்திருந்த அவருடைய தாய் எழுந்து வந்தார். "அப்பிடின்னா என்னா தம்பி?"

"கூடவே பிறந்தது, ஆயா. பரம்பரையா வர்றதுங்கிற மாதிரி எழுதியிருக்காங்க."

சிறிது நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "எங்க வம்சத்துல யாருக்குடா இருந்திச்சு? எம் மாமனாருக்கா, எம் புருஷனுக்கா? நல்லா இருந்த புள்ளய இட்டுக்கினு போயி, என்னோட வயித்துமேல பழியப் போட்டு அனுப்பியிருக்கானுவளா?" என்றார். கோபம் எல்லாம் ஒரே மூச்சில் அடங்கிவிட்டது. அதன் பிறகு சொன்னதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. "பணம் தந்தாத் தர்றான், தராட்டிப் போறான். அந்த வார்த்தய எடுக்கச் சொல்லு."

மருமகள் மெல்லிய குரலில், "அத்தைக்குப் பணம் வேணாங்கய்யா, எனக்கு வேணும்" என்றார். இருவர் சொன்னதும் நியாயம். மகள் தலைகுனிந்து கடிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அந்தச் சொல்லில் ஒரு பங்கு இருந்ததை அப்போதுதான் உணர்ந்தேன். பரம்பரை என்று ஒரு காகிதத்தில் எழுதப்பட்டால் அது தந்தையோடு நிற்பதில்லை. நாளை பெண் பார்க்க வருபவர்களின் காதுக்கும் அது போகும். தகரப் பெட்டிக்குள் அந்தக் கடிதங்கள் பத்தாண்டுகள் கிடந்ததற்கு ஆங்கிலம் தெரியாமை மட்டும் காரணம் என்று அதுவரை நான் எண்ணியிருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் எவருக்கும் இந்நோய் இல்லை என்று ஊர்ப் பெரியவர்களிடம் எழுதி வாங்கி வழக்கில் சேர்க்கலாமா என்று ஆயா கேட்டார். அப்படிச் செய்தால் மகனுக்கு நோய் என்பதை ஊருக்கே அறிவித்ததாகும். வழக்கறிஞரைக் கேட்டபோது அது தேவையில்லை என்றார். நிரூபிக்க வேண்டியது நாம் இல்லை. ஹவில்தார் சொன்ன அதே வாக்கியம். அவ்வளவு நாளும் அந்த வாக்கியத்தை நான் பணத்தோடு மட்டும் பொருத்திப் பார்த்திருந்தேன். ஒரு கிழவி தன் குலத்துக்காகச் சாட்சி தேடி வீடு வீடாகப் போக வேண்டாம் என்பதும் அதன் பொருள்தான்.

*

வழக்குக்காகக் கடலூர் போய் வந்த நாட்களில், ஒருமுறை நேரம் மிச்சமிருந்தபோது தேவனாம்பட்டினம் வரை போனேன். கெடிலம் கடலோடு கலக்கும் இடத்துக்கருகே புனித டேவிட் கோட்டையின் எச்சம் இருக்கிறது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது தப்பி வந்த ராபர்ட் கிளைவ் அடைக்கலம் புகுந்தது இங்கேதான். பின்னாளில் இதே கோட்டையின் துணை ஆளுநராகவும் இருந்தார். மீர் ஜாபர் தனக்கு விட்டுச்சென்ற ஐந்து லட்சம் ரூபாயைக் கொண்டு, கும்பினிப் படையில் உடல்நலம் கெட்டவர்களுக்காக 1770இல் அவர் ஏற்படுத்தியது 'லார்டு கிளைவ் நிதி'. கொள்ளையின் ஒரு பகுதி அது என்பதில் ஐயமில்லை. அவரே வாழ்நாள் முழுவதும் கடும் மனச்சோர்வுக்கு ஆட்பட்டவர் என்பதும், 1774இல் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டதாகவே பலரும் நம்புகிறார்கள் என்பதும் வரலாறு. படைவீரனின் இயலாமைக்கு விலை வைக்கும் கணக்கு இந்தக் கரைக்குப் புதிதன்று.

மனத்தின் புண் அந்தக் கணக்கில் நுழைவதற்கு இன்னும் நெடுங்காலம் பிடித்தது. முதல் உலகப் போரின்போது, 1915இல், சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் குண்டதிர்ச்சி என்ற பொருள்படும் சொல்லை மருத்துவ இதழில் எழுதினார். உறுதியிழந்தவன், கோழை என்ற பெயர்களுக்கு நடுவே ஒரு நோயின் பெயர் வந்தது. வியட்நாம் போருக்குப் பிறகு, 1980இல், அமெரிக்க உளமருத்துவர்களின் கையேட்டில் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய் இடம்பெற்றது. எந்த நாளில் எந்த இடத்தில் அந்த அதிர்ச்சி நேர்ந்தது என்று ஆவணம் காட்டச் சொல்லி அந்நாட்டு வீரர்களையும் அலைய வைத்தார்கள். 2010 ஜூலையில்தான் அந்த விதியைத் தளர்த்தினார்கள். அங்கே இன்னொரு விதியும் உண்டு. பணியிலிருந்து விலகி ஓராண்டுக்குள் மனச்சிதைவு போன்ற நோய் போதிய அளவில் வெளிப்பட்டால், அது பணியோடு தொடர்புடையது என்றே முதலில் கொள்கிறார்கள். தொடர்பில்லை என்பதைக் காட்டும் வேலை எதிர்த்தரப்புக்கு.

*

ராணுவத் தீர்ப்பாயச் சட்டம் வந்தது 2007இல். 2009 முதல் தீர்ப்பாயம் இயங்குகிறது. சென்னையிலும் அதற்கு ஓர் அமர்வு இருக்கிறது. அதற்கு முன் இத்தகைய வழக்குகளை உயர் நீதிமன்றத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். காலங்கடந்து வந்தால் வழியே இல்லையா என்று நாங்கள் பயந்திருந்தோம். ஓய்வூதியம் மறுக்கப்படுவது மாதந்தோறும் தொடரும் தவறு என்பதால் தாமதம் மட்டுமே கோரிக்கையைக் கொன்றுவிடாது, ஆனால் நிலுவைத் தொகை வழக்குக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே கிடைக்கும் என்று 2008இல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. இழந்த ஆண்டுகள் இழந்தவைதான்.

2019 தீர்ப்பு வந்தபோது எங்கள் வழக்கறிஞர் முகம் வாடியது. பிறகு பெருந்தொற்று. ஒத்திவைப்புகள். மாணவி படிப்பை முடித்து, ஆசிரியப் பயிற்சியும் முடித்து, தனியார் பள்ளி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். தொற்று தணிந்த பின் ஒருநாள் அவளிடமிருந்து தொலைபேசி வந்தது. இயலாமை ஓய்வூதியம் தர ஆணை. மருத்துவக் குழு காரணம் எதையும் பதிவு செய்யவில்லை என்பதே தீர்ப்பின் அடிப்படை.

அந்த வார இறுதியில் போனேன். தீர்ப்பை மகளே தமிழாக்கி வாசித்தாள். ஆயாவுக்குக் கண் மங்கிவிட்டிருந்தது, காது நன்றாக இருந்தது. "அந்த வார்த்தய எடுத்துட்டாங்களா?" என்று கேட்டார்.

என்னைப் பார்த்துக் கேட்டதால் நானே சொன்னேன். "எடுக்கல ஆயா. ஆனா அதுக்குக் காரணமே எழுதல, அதனால அது செல்லாதுன்னு சொல்லிட்டாங்க."

"செல்லாதுன்னா? அந்தப் பழைய ஐநூறு ரூவா மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

"அப்ப சரி" என்று சொல்லி அவர் மகன் பக்கம் திரும்பிச் சாப்பிட்டானா என்று விசாரிக்கத் தொடங்கினார்.

2025 மே 7 அன்று ராஜுமோன் என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே விஷயத்தை இன்னும் அழுத்தமாகச் சொன்னது. அவருக்கும் மனச்சிதைவு. காரணம் கூறாத மருத்துவக் குழுவின் கருத்தை வைத்து ஒருவரை வெளியேற்றுவதும் ஓய்வூதியத்தை மறுப்பதும் செல்லாது, காரணம் கூறுவது இன்றியமையாதது என்பது அத்தீர்ப்பு. இதன் பொருள் எல்லாருக்கும் இனி கிடைத்துவிடும் என்பதன்று. உரிமை விதிகள் 2008லும் 2023லும் மாற்றி எழுதப்பட்டிருக்கின்றன; புதிய விதிகளில் பணிக்கும் நோய்க்கும் காரணத் தொடர்பு நிலைநாட்டப்பட வேண்டும் என்ற அழுத்தம் கூடியிருக்கிறது. ஒருவர் எந்த ஆண்டில் வெளியேறினார் என்பதைப் பொறுத்து அவருக்குரிய விதி மாறும்.

இதைப் படிப்பவர்களின் ஊரிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கக்கூடும். இருந்தால், முதலில் விடுவிப்புச் சான்றையும் மருத்துவக் குழுவின் நடவடிக்கைக் குறிப்பையும் தேடிப் பாருங்கள். குறிப்பின் நகல் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறலாம். நோயின் பெயருக்கு எதிரே காரணம் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா, வெறும் ஒரு சொல்லோடு நிற்கிறதா என்று பாருங்கள். அதை எடுத்துக்கொண்டு மாவட்டத் தலைநகரிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். அந்த வீட்டின் பெண்களிடம் பேசும்போது, நோய் பரம்பரையா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் அவர்கள் இல்லை.